பட்டறைக்குப் போனதும் மறைந்துவிடும் கோளாறு: ஸ்போர்ட்ஸ் கார் இஞ்சின் எப்போதாவது தடுமாறினால் எங்கே தேடுவது?

ஸ்டார்ட்டே ஆகாத கார் ஒரு மெக்கானிக்குப் பெரிய தொல்லை கிடையாது. கோளாறு கண்முன்னே நிற்கிறது, வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் எங்காவது பிடிபட்டுவிடும். ஆளை அலைய வைப்பது வேறு ரகம். வாரக்கணக்கில் சீறிக்கொண்டு ஓடும். ஒருநாள் முன்னால் போகும் லாரியைத் தாண்டும் நேரம் பார்த்து இரண்டு நொடி இஞ்சின் செத்துப்போகும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக நிற்கும். இஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால் எதுவும் காட்டாது. ‘நல்லாத்தானே ஓடுது’ என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் பலர் பாகங்களை மாற்ற ஆரம்பிக்கிறார்கள். முதலில் பிளக், அப்புறம் பிளக்கின் பொறிக்கு வோல்ட் ஏற்றித் தரும் காயில், அப்புறம் பெட்ரோல் பம்ப், கடைசியில் இஞ்சின் கம்ப்யூட்டர். ஸ்போர்ட்ஸ் கார் பாகங்கள் விற்கிற விலையில் இது சூதாட்டம்தான். இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒவ்வொன்றைக் கழற்றி மாட்டும்போதும் பக்கத்தில் உள்ள ஒயர்களை அசைத்துவிடுகிறோம். கோளாறு கொஞ்ச நாள் ஒளிந்துகொள்கிறது, நாமும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

முறைக்காய்ச்சல் என்று ஒருவர் வந்தால் வைத்தியர் முதலில் கேட்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, குளிரோடு வருகிறதா என்பதைத்தான். காய்ச்சல் இல்லாத நேரத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. விட்டுவிட்டு வரும் இஞ்சின் கோளாறும் அப்படியே. எந்தப் பாகம் கெட்டது என்பது இரண்டாவது கேள்வி. எப்போது வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. தானாக, காரணமே இல்லாமல் வருகிற கோளாறு என்று ஒன்று கிடையாது. சூடு, அதிர்வு, ஈரம், இஞ்சின் மேல் ஏறும் பளு, வளைவில் தள்ளும் விசை, டேங்கில் பெட்ரோல் இருக்கும் அளவு என்று ஏதோ ஒன்றோ இரண்டோ கூடும்போதுதான் அது வருகிறது. அந்தக் கூட்டணியைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இஞ்சினுக்கு வேண்டியவை

பெட்ரோல் இஞ்சின் ஓட காற்று, பெட்ரோல், பொறி, சிலிண்டருக்குள் அமுக்கம் ஆகிய நான்கும் வேண்டும். நான்கும் சரியான நேரத்தில் வந்து சேரவும் வேண்டும். விட்டுவிட்டு வரும் கோளாறில் அமுக்கத்தைச் சந்தேகப்படுவதைத் தள்ளிப்போடலாம். தேய்ந்த பிஸ்டன் ரிங் திங்கட்கிழமை கெட்டு செவ்வாய்க்கிழமை நன்றாவதில்லை. ஆக, சந்தேகம் பெரும்பாலும் பெட்ரோல், பொறி, இந்த இரண்டையும் எப்போது கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டர், அதற்குத் தகவல் கொடுக்கும் சென்சார்கள், இவற்றை எல்லாம் இணைக்கும் ஒயரிங் ஆகியவற்றின் மேல்தான் விழும்.

இந்த வேலை எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இஞ்சின் 6000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்று வேகத்தில் சுற்றும்போது, பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 10 மில்லி நொடி ஆகிறது. நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி வர வேண்டும். நான்கு சிலிண்டர் என்றால் நொடிக்கு 200 பொறி. ஒரு ஒயர் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தொடர்பு விட்டாலே இருபது பொறி போய்விடும். கார் ஒரு குலுக்குக் குலுக்கும். அவ்வளவு குறுகிய நேரக் கோளாறை, வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு மல்டிமீட்டரால் பிடிக்க முடியாது. அதன் திரை எண்ணை மாற்றுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஸ்போர்ட்ஸ் காரில் மட்டும் என்ன தனி?

அடிப்படை எல்லாக் காருக்கும் ஒன்றுதான். ஆனாலும் ஸ்போர்ட்ஸ் காரில் சில விஷயங்கள் கூடுதலாக எரிச்சல் தரும்.

முதலாவது சூடு. இடத்தைச் சுருக்கி, இஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, சுற்றிலும் எக்ஸாஸ்டும் டர்போவும் போட்டால் அந்த அறை அடுப்பாகிவிடும். ஓடும்போதாவது காற்று வந்துபோகும். நிறுத்திய பிறகு அதுவும் நின்று, இஞ்சின் அறையின் சூடு சில நிமிடங்களுக்கு ஏறிக்கொண்டே போகும். பெட்ரோல் போட நிறுத்திய கார் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆக மறுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாவது பாடி. முழு இரும்பு பாடி உள்ள காரில் பாடியே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. செவ்ரோலெ கார்வெட் 1953-இல் வந்ததிலிருந்து, லோட்டஸ் எலான் 1962-இல் வந்ததிலிருந்து பல ஸ்போர்ட்ஸ் கார்களின் மேல்பாடி ஃபைபர் கிளாஸ். அதில் மின்சாரம் பாயாது. ஆகவே விளக்கிலிருந்து பம்ப் வரை பலவற்றுக்குத் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டியிருக்கிறது. ஒயர் கூடினால் போல்ட்டும் கூடும், துருப்பிடிக்கும் இடமும் கூடும்.

மூன்றாவது, முன்பு வைத்திருந்தவர்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரை வாங்குகிற யாரும் அதைச் சும்மா விடுவதில்லை. அலாரம், கூடுதல் மீட்டர், வேறு ஏர் ஃபில்டர், மாற்றிய மேப்பிங் (இஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பு) என்று ஏதாவது செய்திருப்பார்கள். இக்னிஷன் ஒயரை வெட்டி, அலாரத்துக்காக முறுக்கி, டேப் சுற்றிய ஒரு இணைப்பு டேஷ்போர்டுக்கு அடியில் கிடந்தால் என் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழும்.

அதோடு, இந்தக் கார்கள் அதிகம் ஓடுவதும் இல்லை. மாதக்கணக்கில் நின்ற காரில் பெட்ரோல் பழசாகும், பேட்டரி இறங்கும், கப்ளர்களில் (ஒயர்களை இணைக்கும் செருகிகளில்) பச்சை பூக்கும், எலி ஒயரைக் கடிக்கும்.

எப்படி நின்றது என்பதே பெரிய துப்பு

கோளாறு வந்த அந்த நொடியில் என்ன உணர்ந்தீர்கள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். பட்டறையில் சொல்ல வேண்டிய மிக மதிப்பான தகவல் அதுதான்.

சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென்று நின்றதா? அப்படியானால் மின்சாரப் பக்கம். பொறி ஒரேயடியாகப் போனால்தான் இஞ்சின் அப்படி நிற்கும். மாறாக, மூச்சு வாங்குவதுபோல முதலில் பிக்கப் குறைந்து, இழுத்து இழுத்து, ஆக்சிலரேட்டரை மிதித்தும் ஏறாமல், பிறகு நின்றதா? அது பெரும்பாலும் பெட்ரோல். பம்ப் நின்ற பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும், அது தீரும் வரை இஞ்சின் தத்தளிக்கும்.

அடுத்தது ஆர்பிஎம் மீட்டர். கியரில் கார் உருண்டுகொண்டிருக்கிறது, கிளட்சை மிதிக்கவில்லை, சக்கரம் இஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் முள் சடாரென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்தால், இஞ்சின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று பொருள். கிராங்க் சுற்றுவதைச் சொல்லும் கிராங்க் சென்சாரோ அதன் ஒயரோ, அல்லது கம்ப்யூட்டருக்கு வரும் மின்சாரமோ விட்டுப்போயிருக்கிறது. முள் வேகத்துக்கு ஏற்ப மெதுவாக இறங்கினால் சிக்னல் இருக்கிறது, தவறு வேறு எங்கோ. ஒரு பைசா செலவில்லாத சோதனை இது, அந்த நொடியில் முள்ளைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே மனத்தில் வைத்திருந்தால் போதும்.

நிற்கவில்லை, ஆனால் 3000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற மறுக்கிறது, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்றால் கம்ப்யூட்டரே வேண்டுமென்று இஞ்சினைக் கட்டிப்போட்டிருக்கிறது. லிம்ப் மோட் என்பார்கள். ஆக்சிலரேட்டர் பெடலில் இரண்டு சென்சார் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் பாதுகாப்புக்காக இப்படிச் செய்யும். இந்த வகைக் கோளாறு பெரும்பாலும் கோடு (code, கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்) ஒன்றை விட்டுச்செல்லும், பயப்பட வேண்டாம். இன்னொன்று, பின் டயரை மட்டும் வேறு அளவில் மாற்றிய காரில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் குழம்பி, சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்து இஞ்சினை அடக்கும். ஓட்டுபவருக்கு அது மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவது) மாதிரியே இருக்கும். இஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால் டேஷ்போர்டில் அதன் விளக்கு மினுக்குகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

இதை எல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். இஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியிருந்தது, வெயிலா மழையா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், எந்தக் கியர், மேட்டிலா வளைவிலா, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப வந்தது. நான்கைந்து முறை எழுதிய பிறகு ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எது எப்போதும் கூடவே வருகிறது என்பது தெரியும்.

சூடானால் செத்து, ஆறினால் பிழைக்கும் கார்

அடிக்கடி காண்கிற வகை இது. அரை மணி நேரம் ஓடும், நிற்கும். ஓரம்கட்டி இருபது நிமிடம் காத்திருந்தால் ஸ்டார்ட் ஆகும். இதற்குப் பின்னால் பெரும்பாலும் நான்கு சந்தேக ஆசாமிகள்: கிராங்க் சென்சார், இக்னிஷன் காயில் அல்லது அதை இயக்கும் மாட்யூல், பெட்ரோல் பம்ப், பம்ப்புக்கோ கம்ப்யூட்டருக்கோ மின்சாரம் கொடுக்கும் தானியங்கி சுவிட்சான ரிலே.

சூட்டில் என்ன நடக்கிறது? செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடிவிடும். நல்ல சென்சாரை இதற்கும் சேர்த்தே வடிவமைத்திருப்பார்கள். ஆனால் உள்ளே மயிரிழை போன்ற கம்பியில் ஒரு விரிசல் இருந்தால், சூட்டில் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விரியும்போது அது திறந்துகொள்ளும். ஆறினால் மூடிக்கொள்ளும். ரிலேக்குள் இருக்கும் ஈய ஒட்டுக்கும் இதே கதைதான். போர்ஷே 944 வைத்திருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். 1982 முதல் 1991 வரை வந்த அந்தக் காரில் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் ஒரே ரிலேதான் மின்சாரம் கொடுக்கிறது. வயதானால் அதனுள் இருக்கும் ஈய ஒட்டு விரிசல் விடும். காரில் எப்போதும் ஒரு மாற்று ரிலேயை வைத்துக்கொண்டு கிளம்புவது அதன் ஓட்டுநர்களிடையே வழக்கமாகவே ஆகிவிட்டது.

நான்கில் எது என்று பிரிக்க ஒரே ஒரு நேரம்தான் உண்டு: கார் செத்துக் கிடக்கும் அந்த இருபது நிமிடம். பெரும்பாலோர் அந்த நேரத்தில் புலம்பிக்கொண்டே போனில் யாரையாவது அழைப்பார்கள். அதற்குப் பதில், வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்குத் தள்ளிவிட்டு, நான்கு விளக்கையும் போட்டுவிட்டு, சில விஷயங்களைப் பாருங்கள்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். பல கார்களில் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி நிற்கும், பின்பக்கம் காதைக் கொடுத்தால் ரீங்காரம் கேட்கும். எப்போதும் கேட்கிற சத்தம் இப்போது இல்லை என்றால் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றின் பக்கம் போகலாம். அந்த ரிலேயைப் போலவே இன்னொன்று அதே பெட்டியில் ஹாரனுக்கோ ஃபேனுக்கோ இருக்கும். எண் ஒத்துப்போனால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

சத்தம் கேட்கிறது என்றால் ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே ஆர்பிஎம்மைப் பாருங்கள். போனோடு இணையும் சின்ன ஓபிடி ஸ்கேனர் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது இஞ்சின் வேகம் 150, 200 என்று ஏதாவது ஒரு எண் வர வேண்டும். இஞ்சின் சுற்றுகிறது, திரையில் பூஜ்ஜியம் என்றால் கிராங்க் சென்சார் பக்கம் விரல் நீள்கிறது. கொஞ்சம் தண்ணீரையோ, குளிர வைக்கும் ஸ்பிரேயையோ அந்தச் சென்சார் மேல் மட்டும் அடித்துப் பாருங்கள். இருபது நிமிடம் காத்திருக்க வேண்டிய கார் இரண்டு நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டது. கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேலோ டர்போ மேலோ தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீப்பிடிக்கக்கூடிய ஸ்பிரேயைச் சூடான இஞ்சின் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

பம்ப் ஓடுகிறது, ஆர்பிஎம்மும் வருகிறது என்றால் பொறியைப் பார்க்க வேண்டும். இதற்கென ஸ்பார்க் டெஸ்டர் கிடைக்கும். காயில் ஒயரை இழுத்துக் கையில் பிடித்துப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். இன்றைய காயில்கள் பல்லாயிரம் வோல்ட் கொடுக்கின்றன, ஆளுக்கும் ஆபத்து, கம்ப்யூட்டருக்கும் ஆபத்து. பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்ப்பதும் அப்படித்தான். நேரடியாக சிலிண்டருக்குள் பீச்சும் இஞ்சின்களில் இஞ்சின் பக்கக் குழாயில் நூறு பாரையும் (ஒரு பார் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) தாண்டிய அழுத்தம் இருக்கும். அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

ஓடும்போது இஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்குக்கு ஓரிரு மிதிக்கு மட்டும் பூஸ்டரின் துணை இருக்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பிரேக்கைத் திரும்பத் திரும்ப விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக மிதித்துப் பிடித்து ஓரம் சேருங்கள். அடிக்கடி இப்படி நிற்கிற காரை வேகச் சாலையில் ‘டெஸ்ட்’ செய்யப் போகக் கூடாது.

பளு ஏறினால் மட்டும் இடிக்கும் கார்

ஐட்லிங் அழகாக இருக்கும். மெதுவாகப் போனால் குறை சொல்ல முடியாது. ஐந்தாவது கியரில் 2000 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் மட்டும் இடிக்கும். இதற்குக் காரணம் பௌதிகம். பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி தாவ எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பது நடுவில் இருக்கும் காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. முழு மிதியில் சிலிண்டர் நிறையக் காற்று போகிறது, டர்போ இருந்தால் இன்னும் அதிகம். அடர்த்தி கூடக்கூட பொறி தாவுவது கடினமாகும். பிளக் தேய்ந்து இடைவெளி அதிகமாகியிருந்தால் அதுவும் சேரும். அப்போது மின்சாரம் சுலபமான வேறு வழியைத் தேடும். காயிலின் ரப்பர் உறையில் ஒரு கீறல் இருந்தால் அதன் வழியாக இஞ்சின் உலோகத்துக்குக் குதித்துவிடும். சிலிண்டருக்குள் பொறி இருக்காது.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் இருக்கும் கார்களில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்கேனர் பி0303 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம், மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். மூன்றாவது காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு, அதே மேட்டில் அதே கியரில் ஏற்றுங்கள். கோடு பி0301 என்று மாறினால் காயில்தான். மாறவில்லை என்றால் அடுத்தது பிளக், அதற்கடுத்து பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இதில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். மஸ்டா ஆர்எக்ஸ்-8 போன்ற, பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுற்றும் ரோட்டரி கார்களில் காயில்கள் தேய்மானப் பொருள் என்றே எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு ரோட்டருக்கு நான்கு பிளக், நான்கு காயில். வலு குறைந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும், எரியாத பெட்ரோல், எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும். இஞ்சின் விளக்கு எரிவதற்குப் பதில் மினுக்கிக்கொண்டே இருந்தால் இதைத்தான் சொல்கிறது. அப்போது மிதிக்காமல் மெதுவாகப் போங்கள்.

ஆனால் அதே முழு மிதியில், அதிக ஆர்பிஎம்மில், சில நொடி நன்றாக இழுத்த பிறகு மூச்சு முட்டினால் அது பெட்ரோல் போதாமை. பம்ப் தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்ப்புக்குப் போகும் ஒயரில் வோல்ட் குறைந்திருக்கலாம்.

ஸ்கேனரில் கோடு இல்லாவிட்டாலும் தகவல் உண்டு

கோடு ஒரு பாகத்தின் பெயரைச் சொல்வதாக நினைப்பதுதான் பலரின் தடுமாற்றம். பி0335 வந்தால் கிராங்க் சென்சாரின் சுற்றில் ஏதோ சரியில்லை என்றுதான் பொருள். அது சென்சாராகவும் இருக்கலாம், ஒயராகவும் கப்ளராகவும் இருக்கலாம். கோடு பதிவான நேரத்தில் ஆர்பிஎம், வேகம், தண்ணீர்ச் சூடு, பளு எவ்வளவு என்பதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு படம் பிடித்தாற்போல கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருக்கும். விட்டுவிட்டு வரும் கோளாறில் அது தங்கம். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். பல கார்களில் பேட்டரியைக் கழற்றினாலும் போய்விடும். அழிப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடே இல்லையென்றால் ஃப்யூயல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள். பெட்ரோலின் எடைக்கு 14.7 மடங்கு எடை காற்று என்பது சரியான விகிதம். எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு, கணக்குப் போட்டதைவிட எத்தனை சதவீதம் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் குறித்து வைப்பதுதான் இந்த எண். ஐந்து சதவீதம் இப்படி அப்படி இருப்பது சகஜம். பத்தைத் தாண்டிக் கூட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று அதிகமாக நுழைகிறது அல்லது பெட்ரோல் குறைவாக வருகிறது.

இரண்டில் எது? ஐட்லிங்கில் கூடுதலாக இருந்து, ரேஸ் கொடுத்து 2500-இல் பிடித்தால் இயல்புக்கு வந்தால், எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்து ஏர் லீக். ஓட்டை அதே அளவுதான். ஐட்லிங்கில் இஞ்சின் கொஞ்சமாகக் காற்று இழுப்பதால் அது பெரிய பங்காகத் தெரிகிறது, வேகத்தில் அதன் பங்கு சிறுத்துவிடுகிறது. நேர்மாறாக, ஐட்லிங்கில் இயல்பாக இருந்து பளு ஏற ஏறக் கூடினால் பெட்ரோல் வரத்துக் குறைவு, அல்லது காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் குறைத்துச் சொல்கிறது. எண்ணெய் தடவும் ஏர் ஃபில்டர் போட்ட கார்களில் அந்த எண்ணெய் சென்சாரின் கம்பியில் படிந்து இந்த வேலையைச் செய்வதுண்டு. ஸ்கேனரைப் பதிவில் போட்டுவிட்டு ஓட்டலாம், ஆனால் திரையைப் பார்க்க வேண்டியது பக்கத்தில் இருப்பவர்.

வளைவில் மட்டும் நிற்கும் கார்

ஸ்போர்ட்ஸ் காருக்கே உரிய சுவாரஸ்யமான கோளாறு இது. காரின் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையோடு, அதாவது 1 ஜி-யில், ஒரு நீண்ட வளைவை எடுத்தால் டேங்கில் உள்ள பெட்ரோலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். நல்ல டயர் உள்ள கார் இதை எட்டும். டேங்கில் பாதிக்குக் கீழே இருந்தால் எல்லாம் ஒரு பக்கச் சுவரில் ஏறிக்கொள்ளும், பம்ப் உறிஞ்சும் இடத்தில் காற்று மட்டும்தான் இருக்கும். இதைத் தடுக்கத்தான் டேங்குக்குள் தடுப்புகளும் ஒரு சின்னக் கிண்ணமும் வைத்திருப்பார்கள். வேறு பம்ப் மாற்றியவர்கள் அந்தக் கிண்ணத்தைச் சரியாக உட்கார வைக்காமல் விட்டிருக்கலாம்.

சோதனை எளிது. இடப்பக்க வளைவில் மட்டும் வருகிறதா, வலப்பக்கத்தில் மட்டுமா? டேங்கை நிரப்பினால் போய்விடுகிறதா? போய்விட்டால் பெட்ரோல்தான். முழு டேங்கிலும் வந்தால் ஒயரிங்கைப் பாருங்கள், எங்கோ ஒரு ஒயர்க் கட்டு இழுபடுகிறது. இஞ்சின் மவுண்ட் கிழிந்திருந்தால் மிதிக்கும்போதும் விடும்போதும் இஞ்சின் ஆடி, எர்த் கேபிளையும் இழுக்கும்.

எர்த் என்னும் ஏமாற்றுக்காரன்

எர்த் கேபிளை ஓம் மீட்டரில் அளந்து பூஜ்ஜியம் காட்டுகிறது, நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கேபிளில் ஐம்பது இழையில் ஒன்றுதான் மிச்சம் என்றாலும் ஓம் மீட்டர் ஏறக்குறைய பூஜ்ஜியம்தான் காட்டும், ஏனென்றால் அது அனுப்புவது சொற்ப மின்சாரம். உண்மையான மின்சாரம் ஓடும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். ஆகவே மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும் இன்னொன்றை இஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். இஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அரை வோல்ட் காட்டினால் கேபிளைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டி மாட்டுங்கள். எர்த்தில் தொலையும் அந்த அரை வோல்ட் சென்சார்கள் சொல்லும் தகவலையும் குழப்பும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு கோடு சேர்ந்து வருவதற்குப் பல நேரம் ஒரே ஒரு துருப்பிடித்த போல்ட்தான் காரணம்.

கப்ளர்களுக்கு வேறு வழி. இஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, சுற்றும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கை போகாமல், ஒயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாக மெதுவாக அசைத்துப் பாருங்கள். தடுமாறினால் நிறுத்தி, அதே இடத்தில் இன்னொரு முறை அசையுங்கள். மழையில் வரும் கோளாறு என்றால் இருட்டில் காயில் பக்கம் தண்ணீரைப் பனிபோலத் தெளித்தால் நீலப் பொறி ஓடுவது சில கார்களில் கண்ணுக்கே தெரியும். சூட்டில் வருவது என்றால் ஹேர் டிரையரால் ஒரே ஒரு பாகத்தை மட்டும் சூடாக்கலாம். எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: நினைத்த நேரத்தில் கோளாறை வரவழைப்பது. வரவழைக்க முடிந்த கோளாறு, ஸ்டார்ட்டே ஆகாத காரைப் போலச் சாதுவாகிவிடும்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சராசரியாக 100 கிலோமீட்டருக்கு ஒருமுறை தலைகாட்டிய கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். எதையுமே சரிசெய்யாமல் விட்டாலும், அடுத்த 100 கிலோமீட்டரில் அது வராமலிருக்க 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 300 கிலோமீட்டர் வராமல் ஓடினால்தான், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஆகவே புதுப் பாகத்தை மாட்டிவிட்டுத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ‘சரியாயிடுச்சு’ என்று சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை. அந்த 300 கிலோமீட்டரும் பழைய நிலைமையில் ஓட வேண்டும். வெயிலில் வந்த கோளாறை மழைக்காலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது.

கழற்றிய பாகத்தை உடனே எறிந்துவிடாதீர்கள். புதுச் சென்சாரை மாட்டியதால் சரியானதா, அல்லது கப்ளரைக் கழற்றிச் செருகியதில் பச்சை சுரண்டப்பட்டுச் சரியானதா என்பது வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். சந்தேகம் இருந்தால் பழையதை மறுபடி மாட்டி, கோளாறு வந்த அதே நிலைமையில் ஓட்டிப் பாருங்கள். திரும்ப வந்தால் அந்தப் பாகத்தைக் குப்பையில் போடலாம். வராவிட்டால் கப்ளரின் பின்களைச் சுத்தம் செய்து, இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதுச் சென்சாரை டிக்கியில் போட்டு வையுங்கள்.